கப்பல் சொந்தம்

“அந்தம்மா உங்க பொண்ணெ எந்த ஊர்ல கொண்டுபோய் விட்டிருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா சேச்சி?”

ஜெஸிந்தா இப்படிக் கேட்டது இசக்கியம்மாளிடம். தீபாவளி கழிந்த வாரம். நீலகிரியில் எங்கள் அரவேணுப் பக்கம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எது மேகம், எது மலை என்று தெரியாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த இசக்கியம்மாள், இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் படங்கைக்கூட அவிழ்க்காமல் வாசலில் நின்றாள். படங்கின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டி அவள் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது. கேட்டது விளங்காதவள் போல ஜெஸிந்தாவைப் பார்த்தாள்.

“அவுங்க எங்க கப்பல்காரங்க” என்றாள். அதற்குமேல் ஒன்றும் இல்லை என்பதுபோல உள்ளே போய் அடுப்பை ஊதத் தொடங்கிவிட்டாள்.

வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒற்றை அறைதான். அதைக் காம்பிரா என்போம். இசக்கியம்மாளின் காம்பிராவுக்கும் எங்களுடையதற்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைத் தட்டி. அவர்கள் வீட்டில் கடுகு தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். அதனால் அந்த வீட்டில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாமல் போகவில்லை.

தோட்டத்தில் பாதிக் குடும்பங்கள் சிலோனிலிருந்து திரும்பி வந்தவை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு மலையேறியவர்கள். ஒரே கப்பலில் வந்தவர்கள் தங்களுக்குள் கப்பல் சொந்தம் என்று சொல்லிக்கொள்வார்கள். கூடப் பிறந்தவர்களைவிட அது ஒரு படி மேல். கப்பல் சொந்தம் வாசலுக்கு வந்தால் முதலில் சோறு. எங்கே இருந்தாய், இப்போது எங்கிருந்து வருகிறாய், உன் அண்ணன் எங்கே என்றெல்லாம் கேட்பதில்லை. வந்த புதிதில் கேட்டிருக்கிறார்கள். ஆனால் எல்லாருமே யாரையாவது அந்தக் கரையில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்; அல்லது முகாமில் பறிகொடுத்திருந்தார்கள். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அதனால் கேட்காமல் இருப்பதே பெரிய மரியாதை என்று ஆகிப்போனது. எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லி வளர்த்தார்கள். கப்பல்காரங்க வந்தா தேத்தண்ணி குடு, வாயெ மூடிக்க.

ஆயம்மாள் அப்படித்தான் வந்தாள். ஆண்கள் போடும் சாம்பல் நிற ஸ்வெட்டர், காலில் கான்வாஸ் ஷூ, தலையில் ஸ்கார்ப். பஜாரில் விசாரித்துக்கொண்டு ஏறி வந்தவள், இசக்கியம்மாளைப் பார்த்ததும் கன்னத்தைப் பிடித்து, “கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டே வந்த புள்ளதானே நீயி? ஒனக்குப் பாண் பிச்சுக் குடுத்தேனே” என்றாள். இசக்கியம்மாளுக்கு அப்போது சின்ன வயது. தாயின் முந்தானையையும், கப்பலின் எண்ணெய் வாடையையும், யாரோ ஒரு பெரிய பெண் கொடுத்த பாண் ரொட்டித் துண்டையும் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை. அந்தப் பெண் முப்பது வருஷத்துக்குப் பிறகு வாசலில் வந்து நின்றால் என்ன செய்வாள்? கட்டிக்கொண்டு அழுதாள். கருவாடு வறுத்தாள். அன்றிலிருந்து ஆயம்மாள் அந்த வீட்டுக்கு அக்கா.

அந்தச் சமயம் தேயிலைக்கு விலை இல்லை. தோட்டத்தில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை. இசக்கியம்மாளின் புருஷன் சங்கிலி கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு நறுக்குவதில் அவர் கைக்குத் தனி நேர்த்தி. அந்த வேலையும் நின்றுபோய், கேரட் தோட்டங்களில் கூலி தேடி அலைந்தார். மூத்தவள் பேச்சி பதினேழு வயதுக்காரி. பெயருக்கு ஏற்ற மாதிரி வாயாடி. கொழுந்து எடுக்கும்போது அவளுடைய நிறையிலிருந்து, அதாவது அவளுக்கு ஒதுக்கிய செடி வரிசையிலிருந்து, சிரிப்புச் சத்தம் வந்தபடியே இருக்கும். கங்காணி வந்து அதட்டினால், “கையி பாட்டுக்குக் கொழுந்தெடுக்குது, வாயி பாட்டுக்குப் பேசுது, ரெண்டுக்கும் நீங்க ஒரே சம்பளந்தானே தாறீங்க” என்பாள்.

இந்தப் பேச்சியைத்தான் ஆயம்மாள் கேட்டாள். கீழ்நாட்டில் நூல் மில். தங்க இடம், மூன்று வேளைச் சோறு, ஞாயிற்றுக்கிழமை டிவி. மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. மழை இல்லை, குளிர் இல்லை, கரடி பயம் இல்லை. பேச்சிக்கும் போக ஆசைதான். தை மாதத்தில் ஒரு காலை முதல் பஸ்ஸில் ஆயம்மாளோடு போனாள். அரவேணு பஜாரில் பஷீர் கடை போன்தான் எங்கள் எல்லாருக்கும் போன். ஆடி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை தோறும் பேச்சி பேசினாள். ஆடிக்குப் பிறகு போன் இல்லை. தீபாவளிக்கு வருவாள் என்று அதிரசத்துக்கு மாவு இடித்து வைத்தார்கள். அவள் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் ஜெஸிந்தா வந்தாள். குன்னூரில் ஒரு சங்கத்தில் வேலை. கூடலூர்ப் பக்கம் பிறந்தவள். பேச்சில் மலையாளம் ஓடும். லயம் லயமாகப் போய், வீட்டில் இல்லாத பெண் பிள்ளைகள் யார், அவர்களைக் கூட்டிப் போனது யார் என்று விசாரிப்பாள். அதனாலேயே அவளுக்கு எங்கும் தேத்தண்ணி கிடைக்காது. காளிமுத்து மாமா அந்தக் கப்பலில் பெரியவராக வந்தவர். கப்பல் குடும்பங்களின் நல்லது கெட்டது அவர் சொற்படிதான் நடக்கும். அவர் ஜெஸிந்தாவைப் பார்த்துவிட்டு, “வாயில ஒரு கேள்வி வச்சிருக்கு, பையில ஒம்பது கேள்வி வச்சிருக்கு. புள்ளைய எவன் கட்டுவான்?” என்றார். லயமே சிரித்தது. ஜெஸிந்தாவும் சிரித்துவிட்டு, மழையில் அடுத்த லயத்துக்கு நடந்தாள்.

அவளைத் தேடிப் போனவர் சங்கிலி. யாரிடமும் சொல்லவில்லை. பேச்சி போனில் சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து இருவரும் பஷீரின் ஜீப்பில் மலையிறங்கி அந்த மில்லுக்குப் போனார்கள். அவர் திரும்பி வந்தபோது நாங்கள் எல்லாரும் வாசலில் இருந்தோம். செருப்பைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தார்.

“பேச்சி அங்க இல்ல” என்றார்.

மீதியைப் பஷீர்தான் சொன்னார். மில் வாசலில் காவல்காரன் உள்ளே விடவில்லை. அப்படி ஒரு பெண் வேலைக்கே வரவில்லை என்று ஆபீஸில் சாதித்தார்கள். ஆனால் தண்ணீர்க் குழாய் அருகே நின்ற ஒரு பெண், முகத்தைத் திருப்பாமல், பேச்சியையும் இன்னும் சில பெண்களையும் ஆடி மாதம் ஒரு வேனில் ஏற்றிக் கொண்டுபோனார்கள் என்று சொல்லியிருக்கிறாள். எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை.

“ஏனுங்க இசக்கியக்கா, அந்த அம்மாளுக்குத் தெரியாம இது நடந்திருக்காதுங்க” என்றார் பஷீர். இசக்கியம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு அந்த வீட்டில் எதுவும் நிலைகொள்ளவில்லை. இசக்கியம்மாள் அடுப்பை மூட்டுவாள், எதற்கு மூட்டினோம் என்று தெரியாமல் அணைப்பாள். ரொட்டி சுடும்போது கருகிய வாடை பலகைத் தட்டியைத் தாண்டி வரும். மலைக்குப் போனால் இளங்கொழுந்தை விட்டுவிட்டு முற்றல் இலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு வருவாள். மடுவத்தில் கணக்கப்பிள்ளை கூடையைக் கவிழ்த்து, இது டீக்கா மாட்டுக்கா என்று கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அன்று அவள் இலையை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள். சங்கிலி விடிந்ததும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்ட உட்காருவார். வேலையே இல்லாத கத்தி. இளையவள் தவமணிதான் பாவம், இருவருக்கும் நடுவில் தண்ணீர் எடுப்பதும் விறகு பொறுக்குவதுமாகச் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தாள்.

ஜெஸிந்தா மறுபடியும் வந்தாள். இந்த முறை இசக்கியம்மாள் அவளை உள்ளே கூப்பிட்டாள்.

“அவ எங்க கப்பலே இல்லாம இருக்கலாம்ல?” என்றாள். “எவளோ ஒருத்தி எங்கயோ கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வந்து பொய் சொல்லியிருக்கலாம். அப்பிடின்னா நானே அவ மயித்தெப் புடிச்சு இழுத்துட்டுப் போயி போலீஸ்ல விட்டுருவேன்.”

அது பொய்யாக இருக்கவேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது குரலிலேயே தெரிந்தது. காளிமுத்து மாமாவிடம் கேட்டுவிடலாம் என்று ஜெஸிந்தா சொன்னாள். மேல் லயத்துக்குப் போகும் வழியில் காட்டெருமை நிற்பதாகச் சொன்னார்கள். நானும் துணைக்குப் போனேன். தேயிலைக்குள் நின்றுகொண்டு அது எங்களைப் பார்த்தது. இசக்கியம்மாள் அதை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் பக்கத்தில் நடந்து போனாள்.

காளிமுத்து மாமா கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பங்கரையில் இருந்தார். ஜெஸிந்தாவைக் கண்டதும் முகம் மாறியது. இசக்கியம்மாளுக்காகத்தான் பேசினார்.

“நெசமாவே நம்ம கப்பல்தான்” என்றார். “ஆயி, மக ரெண்டே பேரு. ஆயி மண்டபத்துல காச்சல்ல செத்துப்போச்சு. புள்ள கொட்டாயி வாசல்லயே குந்தியிருந்துச்சு. முகாமுக்கு வெறகு கொண்டாற லாரிக்காரன் ஒருத்தன், வீட்டு வேலைக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்னான்.”

“நீங்கல்லாம் அங்கதான் இருந்தீங்களா?” என்றாள் ஜெஸிந்தா.

“கொட்டாயிக்குக் கொட்டாயி ஆளுக இருந்தோம். அந்தப் புள்ள லாரியில ஏறுறப்ப பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்.”

“எங்கன்னு ஆரும் கேக்கலியா?”

“யாரெப் போயி கேக்குறது? நாளைக்கு எங்கள எங்க அனுப்புவாங்கன்னே எங்களுக்குத் தெரியல. அவளுக்குச் சோறு கெடைக்கும்ல, அதெத்தான் நெனச்சோம்.” அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளினார். “அப்பறம் அந்தப் புள்ளயப் பத்தி நாங்க பேசுறதில்ல. போன வருசம் அவளாவே வந்து நிக்கவும் எனக்குக் கையி காலு ஓடல. நல்ல சீலையா கட்டியிருந்தா. அம்புட்டு நிம்மதியா இருந்துச்சு எனக்கு.”

இறங்கி வரும்போது இசக்கியம்மாள் ஒரே ஒரு தரம்தான் பேசினாள். “பொய்யா இருந்திருக்கக் கூடாதா” என்றாள். எங்களிடம் சொன்னது போல இல்லை.

கார்த்திகையில் பஷீர் கடைக்கு ஆயம்மாளின் போன் வந்தது. வியாழக்கிழமை வருகிறாளாம். பேச்சி சௌக்கியமாம். தங்கச்சியையும் அனுப்பி வைக்கச் சொல்லிக் கேட்டாளாம். தவமணியைத் தயாராக வைத்திருக்கச் சொன்னாளாம்.

அதைக் கேட்ட சங்கிலி கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஜெஸிந்தா அவரை உட்கார வைத்தாள். போலீஸிடமும் தாலுகா ஆபீஸிலும் அவள் ஏற்கெனவே பேசியிருந்தாள். அவர்கள் பஜாரில் நிற்பார்கள். ஆயம்மாள் தோட்டத்தை விட்டு இறங்கும்போது பிடிப்பார்கள். ஆனால் அதற்கு முன்னால் பேச்சி இருக்கும் இடம் தெரியவேண்டும். போலீஸ் கையில் சிக்கிவிட்டால் ஆயம்மாள் தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரே பிடியாக நிற்பாள். அதற்குள் அவளை அனுப்பியவர்கள் பெண்களை வேறு எங்காவது மாற்றிவிடுவார்கள்.

“நிங்களிடம் மட்டும்தான் அந்தம்மா சொல்லும் சேச்சி. நீங்க கேக்கணும்.”

“சோத்தப் போட்டுட்டா கேக்குறது?”

“சோறு போடுறதும் போடாததும் உங்க இஷ்டம்.”

“போடாமெ எப்பிடி?” என்றாள் இசக்கியம்மாள், கோபமாக.

விஷயம் எப்படியோ கசிந்து, புதன்கிழமை சாயங்காலம் காளிமுத்து மாமா கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தார். உள்ளே வரவில்லை. கப்பல் சொந்தத்தை வீட்டுக்குள் உட்கார வைத்துக் கேள்வி கேட்டுப் போலீஸில் கொடுத்தால், மற்ற குடும்பங்கள் அந்த வாசலை மிதிக்காது. நல்லது கெட்டதுக்கு ஆள் வராது என்று சொன்னார். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் நடக்கும் என்று அவருக்குத் தெரியும். இசக்கியம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். போகும்போது, மாமா பாத்துப் போங்க, படி வழுக்கும் என்றாள்.

வியாழக்கிழமை மழை வெறித்திருந்தது. லயத்தின் கூரைத் தகரத்திலிருந்து ஆவி எழும்பியது. தவமணியை எங்கள் காம்பிராவில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். நானும் அவளும் பலகைத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். பலகை இடுக்கில் ஆயம்மாளின் முதுகும், பரிமாறும் இசக்கியம்மாளின் முகமும் தெரிந்தன. சங்கிலி வெளியே சாணைக்கல் அருகே.

ஆயம்மாள் தவமணிக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்திருந்தாள். மில்லுக்குள் வெறுங்காலோடு நிற்க முடியாது என்றாள். சோறு, கருவாட்டுக் குழம்பு, காய்ந்த மிளகாய் இடித்த சம்பல். அவள் பசியோடு சாப்பிட்டாள். குழம்பை நன்றாக இருக்கிறது என்றாள். நீலகிரிக் குளிரில்தான் கருவாடு ருசிக்கிறது, கீழே வேர்வை நாற்றத்தில் ஒன்றும் இறங்குவதில்லை என்றாள்.

“அக்கா, பேச்சி எங்க இருக்கு?” என்றாள் இசக்கியம்மாள்.

ஆயம்மாள் சம்பலைத் தொட்டுக்கொண்டாள். “நல்லா இருக்கா. சதெ போட்டுட்டா.”

“எப்பிடி இருக்கான்னு கேக்கல. எங்க இருக்கான்னு கேட்டேன்.”

“மில்லுலதான். வேற எங்க?”

“அவுக அப்பா போயிப் பாத்துட்டு வந்துட்டாங்க.”

ஆயம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். “இசக்கி, நீ கேக்குறது நல்லா இல்ல. நம்ம கப்பல்காரங்க யாரும் இப்பிடிக் கேட்டதில்ல.”

“ஆமாக்கா. ஒங்களயும் யாரும் கேக்கல.” இசக்கியம்மாள் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். “ஒங்கம்மா செத்துப்போயி, நீங்க கொட்டாயி வாசல்ல குந்தியிருந்தப்ப, ஒருத்தன் வந்து லாரியில ஏத்துனான்ல. எங்கம்மா அங்கதான் நின்னுருக்கும். எங்கடா கொண்டு போறேன்னு அது கேட்டிருக்கணும். காளிமுத்து மாமா கேட்டிருக்கணும். நாங்க யாரும் கேக்கல. நான் இப்ப கேக்குறேன். ஒங்கள எங்கக்கா கொண்டு போனான்?”

வெளியே சாணைக்கல் ஓய்ந்துவிட்டது. தவமணி என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்தது.

“கொல்லத்துப் பக்கம்” என்றாள் ஆயம்மாள். அவள் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. “முந்திரிக்கொட்ட ஒடைக்கிற ஷெட்டு. வறுத்த கொட்டையில எண்ணெ வரும். அது பட்டா கையெல்லாம் வெந்து தோலு உரிஞ்சுரும். சோத்தப் பெசஞ்சா உப்புப் பட்டு எரியும். நக்கித்தான் திம்போம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அப்பறம் ஒரு ஊடு. அப்பறம் வேற எடம். அதெல்லாம் கேக்காத.”

“கேக்கல.”

“எனக்கு வேற வேல தெரியாது இசக்கி. புள்ளைகளக் கூட்டிக் குடுத்தா என்னெய விட்டுர்றதாச் சொன்னாங்க. அப்பிடித்தான் ஆரம்பிச்சுது. நான் கூட்டிட்டுப் போற புள்ளைக கையி வேகாது. அதெ மட்டும் பாத்துப்பேன்.”

“பேச்சி எங்கக்கா?”

ஆயம்மாள் தட்டின் ஓரத்தில் ஒரு மீன் முள்ளை எடுத்து வைத்தாள். “திண்டுக்கல் போற ரோட்டுல, பெரிய கெணறு ஒண்ணு வரும், அதத் தாண்டி உள்ள போகணும். பழைய கோழிப்பண்ண. கழிவுப் பஞ்சு அடிக்கிற மெஷினு போட்டிருக்கான். வெளிய போர்டு கெடையாது. ஞாயித்துக்கெழமையும் ஓடும்.” பிறகு கேட்டாள்: “கீழ நிக்கிறாங்களா?”

“நிக்கிறாங்க.”

“இதெ முடிச்சுக்கிறேன்.”

இசக்கியம்மாள் அகப்பையை எடுத்து இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். ஆயம்மாள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். கை கழுவினாள். ஸ்கார்பைக் கட்டிக்கொண்டு, செருப்பு தவமணிக்கு அளவாக இருக்கும், போட்டுக்கொள்ளச் சொல் என்றாள். வாசலில் சங்கிலி எழுந்து நின்றார். அவரைக் கடந்து படியிறங்கினாள். பஜார் வரைக்கும் ஜெஸிந்தா கூடவே நடந்து போனாள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மறுநாளே அதிகாரிகள் ஜெஸிந்தாவோடு அந்தக் கோழிப்பண்ணைக்குப் போனார்கள். பேச்சியும் இன்னும் மூன்று பெண்களும் கிடைத்தார்கள். விசாரணை, ஆஸ்பத்திரி, ஆபீஸ் எல்லாம் முடிந்து மார்கழிப் பனியில் பேச்சி வீட்டுக்கு வந்தாள். தோட்டத்து ஓரங்களில் புல் வெளுத்துக் கிடந்த காலை அது. பெரிய ஸ்வெட்டருக்குள் சின்னதாகத் தெரிந்தாள். இருமினாள். அந்த இருமலில் ஒரு இழுப்பு இருந்தது. உள்ளே பஞ்சு இருக்கிறது, போக நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காளிமுத்து மாமா சொன்னபடியே நடந்தது. கப்பல் குடும்பங்களிலிருந்து ஒருவரும் வரவில்லை. மலைக்குப் போகும்போது இசக்கியம்மாளுக்கு நிறை விட்டு நிறை தள்ளி நின்றார்கள். தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுவிடும். அவள் அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. மகளுக்கு என்ன சமைப்பது என்பதிலேயே இருந்தாள். ரொட்டி, ராகிக் களி, முட்டை, பஜாரில் கிடைத்தால் ஈரல். சமைத்துக்கொண்டே இருந்தாள். பேச்சி நின்றுகொண்டே சாப்பிட்டாள். உட்காரு தாயி என்றால் உட்காருவாள்; இரண்டு வாய்க்குள் எழுந்துவிடுவாள். அங்கே உட்கார்ந்து சாப்பிட நேரம் கொடுப்பதில்லையாம். நடுப்பகலில் தூங்கினாள். யாராவது கதவைத் தட்டினால் எழுந்து வரிசையில் நிற்பதுபோலச் சுவரோரம் நின்றாள். அவளைச் சிரிக்க வைக்கத் தவமணி கங்காணி மாதிரி நடந்து காட்டினாள். பேச்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் ஜெஸிந்தா வந்திருந்தபோது அவளாகவே பேசினாள். அந்தப் பண்ணையில் இன்னொரு கொட்டகையும் இருந்தது. அதில் இந்தி பேசுகிற பெண்கள். எங்கிருந்து வந்தவர்கள் என்று அவளுக்குத் தெரியாது. ரயிலில் வந்தார்கள் என்பது மட்டும் தெரியும். பேச்சு புரியாது. இருமல் வந்தால் அவர்களில் ஒருத்தி இவள் முதுகைத் தடவிவிடுவாள். அதிகாரிகள் வந்த அன்று விடியும் முன்னரே அவர்களை வேனில் ஏற்றிவிட்டார்கள். நீங்கள் வந்தபோது அந்தக் கொட்டகை காலியாக இருந்தது அதனால்தான் என்றாள்.

“எங்க கொண்டு போயிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்” என்றாள். “பஞ்சு மூட்ட ஏத்த என்னெய அங்க ரெண்டு வாட்டி கூட்டிட்டுப் போயிருக்காங்க. வழியச் சொல்லத் தெரியல. பாத்தா காட்டிருவேன்.”

ஜெஸிந்தா எதையும் கேட்கும் முன்பே இசக்கியம்மாள் நடுவில் வந்து நின்றாள்.

“முடியாது. எம்புள்ள எனக்கு வந்துருச்சு. இனிமே யாரோடயும் அவள மலையெறக்க மாட்டேன். ஒன்னோடயும் மாட்டேன்.”

“ஞான் கூப்பிடலை சேச்சி” என்றாள் ஜெஸிந்தா. “நல்லா ஆகட்டும். வேற வழி பாக்கறேன்.”

“அந்தப் புள்ளைகளுக்கும் ஆயி அப்பன் இருப்பாங்கல்ல, அவுங்க வந்து தேடட்டும்.”

“அவங்க எந்த ஊருன்னு அவங்களுக்கே சொல்லத் தெரியாதும்மா” என்றாள் பேச்சி. பிறகு இருமல் வந்துவிட்டது. இசக்கியம்மாள் வெந்நீர் வைக்கப் போனாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தோம். ஆனால் அன்று முதல் பேச்சி பகலில் தூங்கவில்லை. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டால் நிற்பாள். சங்கிலி அவளைப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தன் மனைவியைப் பார்ப்பார்.

பொங்கலுக்கு முந்திய வாரம் ஜெஸிந்தா ஒரு காலையில் வந்தாள். கீழே ரோட்டில் பஷீரின் ஜீப் நின்றது. அந்த இந்திப் பெண்களைத் தேட அதிகாரிகளோடு அன்று போகிறாளாம். இடம் தெரியாது, சுற்றிப் பார்க்க வேண்டியதுதான். பேச்சியின் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னாள். அது உண்மையும்கூட. இசக்கியம்மாள் அவளை உட்கார வைத்து, இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கலந்தாள். டம்ளரைக் கையில் கொடுத்து, எப்படி மருந்து கொடுப்பது, வெறும் வயிற்றிலா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

பேச்சி சுவரோரத்திலிருந்து எழுந்தாள். கொடியில் கிடந்த அப்பாவின் மங்கி குல்லாவை எடுத்துத் தலையில் மாட்டினாள். காதை நன்றாக மூடிக்கொண்டாள். அடுப்பிலிருந்த ரொட்டியில் ஒன்றை எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

“பேச்சி” என்றாள் இசக்கியம்மாள்.

அவள் தாயின் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தைப் பார்த்தாள். இசக்கியம்மாளின் கையில் மாத்திரை அட்டை இருந்தது. அதைப் பேச்சி வாங்கிக்கொண்டாள். ஜெஸிந்தா டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் சங்கிலி கால்களை மடக்கி வழி விட்டார்.

பேச்சி படியிறங்கி, தேயிலைக்கு நடுவே ரோட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்தாள். ஒரு இடத்தில் இருமல் வந்து, செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நடந்தாள். கீழே பஷீர் இறங்கி ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறி, எங்கள் பக்கம் திரும்பாமல், போகிற பாதையைப் பார்த்து உட்கார்ந்தாள்.